முதுமலை அருகே அறை எடுப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், கோடை விடுமுறைக்கு முதுமலை செல்வோர் எங்கே தங்கலாம் என்று ஒரு பக்கக் கட்டுரை வெளியாகியிருந்தது. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தனியார் விடுதிகளையும் வாடகை வீடுகளையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அதில் விரிவாகச் சொல்லியிருந்தார்கள். அறை வாடகை, நீச்சல் குளம், சாப்பாடு, குழந்தைகளுக்கான வசதி, மாடியிலிருந்து தெரியும் மலை என ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்ன அந்தக் கட்டுரை, சில விடுதிகளில் இரவு நேரத்தில் வாசலுக்கே யானை வரும் என்பதை ஒரு கூடுதல் சிறப்பாகச் சொல்லி முடிந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஒரு முறையாவது குடும்பத்தோடு அந்தப் பக்கம் போய்வருகிறவன் என்ற முறையில் அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எந்தக் காரணத்துக்காக ஒரு விடுதியை முதலில் ஒதுக்க வேண்டுமோ, அந்தக் காரணத்துக்காகவே அதைத் தேடிப் போகும்படி வாசகர்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள அந்த நிலத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதுமலை 1940-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் உள்வட்டம் 321 சதுர கிலோமீட்டர். 2010-இல் வெளிவட்டப் பகுதியையும் சேர்த்தபோது மொத்தப் பரப்பு ஏறத்தாழ 688 சதுர கிலோமீட்டர் ஆனது. தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம் ஆகிய இடங்களில் இருப்பவை வனத்துறையும் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் நடத்தும் விடுதிகள். விளம்பரங்களில் நாம் காணும் தனியார் விடுதிகளில் பெரும்பாலானவை தெப்பக்காட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள மசினகுடியையும் அதை அடுத்த சிற்றூர்களையும் சுற்றி, சீகூர் மேட்டுநிலத்தில் அமைந்தவை. அந்த மேட்டுநிலத்தின் தெற்கே நீலகிரி மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது; வடக்கே மாயாறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. மேற்கே முதுமலை, பந்திப்பூர், வயநாட்டுக் காடுகளிலிருந்து கிழக்கே சத்தியமங்கலம் காட்டுக்குப் போகவும் வரவும் யானைக் கூட்டங்களுக்கு இந்தச் சுவருக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட நிலம்தான் வழி. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் அந்த வழியின் மேலேயே விடுதிகள் எழும்பியிருக்கின்றன. ஆகவே, அங்கே யார் ஓர் அறை எடுத்தாலும், அது யானை நடக்கும் தடத்தின் ஓரத்திலோ நடுவிலோ எடுத்த அறையாகத்தான் இருக்கும். ஓரமா, நடுவா என்பது நாம் எந்த விடுதியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

2016 டிசம்பரில் நாங்கள் தங்கிய ஒரு விடுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் இங்கே தேவையில்லை. படங்கள் நன்றாக இருந்தன, வாடகை கட்டுப்படியாக இருந்தது, "விலங்குகளைப் பார்ப்பது உறுதி" என்று தொலைபேசியில் சொன்னார்கள். இந்த மூன்றையும் நம்பி முன்பணம் கட்டினேன். இரவு ஒன்பதரை மணிக்கு விடுதி மேலாளர் எல்லா அறைகளின் கதவையும் தட்டி, சாப்பாட்டுக் கூடத்தின் பின்பக்கம் வரச் சொன்னார். அங்கே ஒரு குழி. அன்றைய மிச்சச் சோறு, தர்ப்பூசணித் தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் அதில் கொட்டப்பட்டிருந்தன. பக்கத்திலேயே கல்லுப்பு குவித்து வைத்திருந்தார்கள். மேலே கட்டியிருந்த பெரிய விளக்கைப் போட்டதும் முதலில் காட்டுப்பன்றிகள் வந்தன. பிறகு ஒரு கடமான். பத்து மணிக்கு மேல் ஒரு கொம்பன் வந்து நின்றது. எங்களுக்கும் அதற்கும் இடையில் இருபது அடிகூட இருந்திருக்காது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கைப்பேசி வெளிச்சத்தை அதன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஆறு வயதாக இருந்த என் மகள் கை தட்டினாள். எங்களுக்குப் பக்கத்தில் விடுதிப் பணியாளர் ஒருவர் ஒரு கையில் பட்டாசுச் சரமும் இன்னொரு கையில் எரியும் கட்டையுமாக நின்றிருந்தார். யானை ஓரடி முன்னால் வந்தால் அவர் என்ன செய்யப்போகிறார் என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று இரவு நான் மகிழ்ச்சியோடுதான் தூங்கினேன்.

மறுநாள் காலை முற்றம் பெருக்க வந்த பெரியவர் ஒருவர், வேலியோரம் கிடந்த யானை லத்தியைக் குச்சியால் கிளறிக் காட்டினார். மூங்கில் நாரும் மரப்பட்டையும் இருக்க வேண்டிய இடத்தில் மசாலாப் பொட்டலத்தின் பளபளப்பான கிழிசல்களும், பால் உறையின் நீல மூலை ஒன்றும், சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிய ரப்பர் வளையமும் இருந்தன. "ராத்திரி நீங்க பார்த்தீங்களே, அந்த ஆனை போட்டதுதான் இது" என்றார். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. புறப்படும்போது ரசீது கேட்டேன். விடுதியின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். உரிமம் பற்றிக் கேட்டதற்கு, உரிமையாளர் பெங்களூருவில் இருக்கிறார் என்பதே பதிலாக இருந்தது.

இப்படித் தீனி வைத்துப் பழக்குவதால் யானைக்கு என்ன நேர்கிறது என்பதை மசினகுடி நன்றாக அறியும். வாழைத்தோட்டம் பகுதியில் ரிவால்டோ என்று மக்கள் பெயரிட்டழைத்த ஆண் யானையைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தும்பிக்கை நுனியில் காயம்பட்டிருந்த அந்த யானை, மனிதர்கள் கொடுத்த பழங்களுக்குப் பழகி, ஊரை விட்டு நகர மறுத்தது. கடைசியில் 2021 மே மாதம் அதைப் பழங்களைக் காட்டியே அழைத்துச் சென்று கரால் எனப்படும் மரக்கூண்டில் அடைக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டித் தொலைவில் உள்ள காட்டில் விட்டபோது, ஓரிரு நாளுக்குள் அத்தனை தூரத்தையும் நடந்து தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. கொடுத்தவர்கள் அன்பினால்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால், அந்த யானை மூன்று மாதம் மரக்கூண்டில் நின்றதற்கு அந்த அன்பும் ஒரு காரணம்.

அதே ஆண்டு ஜனவரியில் நடந்ததை எழுதவே கை தயங்குகிறது. முதுகில் ஏற்கெனவே காயத்தோடு ஊர்ப்புறங்களில் சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆண் யானை, காதும் தலையும் தீயில் வெந்த நிலையில் காணப்பட்டது. சிகிச்சைக்காகத் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டு செல்லும் வழியில் ஜனவரி 19 அன்று இறந்தது. லாரியில் கிடந்த அதன் தும்பிக்கையைத் தடவியபடி வனத்துறை ஊழியர் ஒருவர் அழுத காட்சியை நாடே பார்த்தது. சில நாட்களில் இன்னொரு காணொளி வெளிவந்தது: தங்குமிடம் ஒன்றின் வளாகத்திலிருந்து அந்த யானையின் மேல் எரியும் பொருளை வீசுகிறார்கள், அது காதில் சிக்கிக்கொள்ள, யானை நெருப்போடு இருட்டுக்குள் ஓடுகிறது. இருவர் கைது செய்யப்பட்டார்கள். அந்தத் தங்குமிடம் முறையான அனுமதியின்றி நடத்தப்பட்டது தெரியவந்து மூடி முத்திரையிடப்பட்டது. அந்தக் காணொளியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு 2016-இல் எரியும் கட்டையோடு எங்கள் பக்கத்தில் நின்ற அந்தப் பணியாளரின் கைதான் நினைவுக்கு வந்தது. யானையை வாசலுக்கு வரவழைக்கிறவர்கள் அதைத் துரத்துவதற்கும் ஏதாவது ஒன்றைக் கையில் வைத்திருக்கத்தானே வேண்டும்? இரண்டும் ஒரே இடத்தில், ஒரே இரவில் நடப்பவை.

சட்டத்தின் நிலையையும் தங்கள் கட்டுரை தொடவில்லை. சீகூர் பகுதியை யானை வழித்தடமாக அறிவித்த தமிழக அரசின் 2010 ஆகஸ்ட் அறிவிக்கையை, 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2018 ஆகஸ்டில் அதன் உத்தரவின்பேரில் மாவட்ட நிர்வாகம் 27 விடுதிகளை மூடி முத்திரையிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமும் நிலைநிறுத்தி, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் மூவர் குழுவையும் அமைத்தது. இவ்வளவுக்குப் பிறகும், குடியிருக்க வீடு என்று ஊராட்சியில் அனுமதி வாங்கிக் கட்டிவிட்டு அதை நாள் வாடகைக்கு விடுவது நின்றுவிடவில்லை. இணையத்தில் அறை தேடும் குடும்பத் தலைவருக்கு உரிமம் உள்ள வீடும் இல்லாத வீடும் ஒரே மாதிரியான படங்களோடுதான் தெரிகின்றன. முன்பணம் கட்டியபின் விடுதி மூடப்பட்டால் பணம் திரும்பாது என்பது சிறிய இழப்பு. நடு இரவில் ஏதாவது நேர்ந்தால் பொறுப்பேற்க அந்த வளாகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார் என்பதே பெரிய கவலை.

ஆகவே, தனியார் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்க விரும்பும் வாசகர்கள் பணம் அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசினாலே போதும் என்பேன். முதலில் கேட்க வேண்டியது பதிவு எண்ணும் உரிமமும். கட்டடத்துக்கு ஊராட்சி கொடுத்த அனுமதி வீட்டுக்கா, விடுதிக்கா என்று தயங்காமல் கேட்க வேண்டும். வீட்டோடு கூடிய தங்குமிடம் (ஹோம்ஸ்டே) என்று சொன்னால், சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா, உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்கிறாரா என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் விருந்தினராகத் தங்குவது எப்படி? என் அனுபவத்தில், ஒழுங்காக நடத்துகிறவர் உரிமத்தின் படத்தைப் பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். "அதெல்லாம் நேர்ல பார்த்துக்கலாம் சார்" என்ற பதில் வந்தால் அந்த எண்ணை அழித்துவிடலாம்.

அடுத்தது வேலி. மின்வேலி போட்டுப் பத்து ஏக்கரை வளைத்திருக்கும் விடுதி தன் விருந்தினரைப் பாதுகாப்பதாகத் தோன்றும். ஆனால், அந்தப் பத்து ஏக்கரையும் சுற்றிப்போக வேண்டிய யானைக்கூட்டம் அடுத்திருக்கும் ஏழையின் ராகிக் காட்டுக்குள்ளோ, பள்ளிக்குச் செல்லும் பாதையிலோ இறங்கும். வீட்டையும் சமையலறையையும் மட்டும் சுற்றி வேலியிட்டு, மற்ற நிலத்தைத் திறந்து விட்டிருப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் தங்கலாம். வேலி எத்தனை தூரம் போகிறது என்று கேட்டால் வெட்கப்பட ஏதுமில்லை. பாதுகாப்பைப் பற்றித்தான் கேட்கிறோம் என்று அவர்களும் மகிழ்ச்சியாகவே பதில் சொல்வார்கள்.

இரவு என்னென்ன நடக்கும் என்பது மூன்றாவது கேள்வி. தீமூட்டி ஆட்டம்பாட்டம் உண்டு, ஒலிபெருக்கி உண்டு, இரவு ஜீப் சவாரி உண்டு என்று யாராவது சொன்னால் அங்கே போக வேண்டாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சீகூர்க் காடு காய்ந்த சருகும் உண்ணிச்செடிப் புதருமாகக் கிடக்கும். ஒரு பொறி போதும். முதுமலைக்குள் வாகனச் சவாரி என்பது தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை தன் வண்டிகளில், பகலில் நடத்துவது மட்டுமே. இரவில் விளக்கடித்துக் காட்டுப் பாதையில் ஓட்டிச்செல்லும் தனியார் ஜீப் எதுவும் அனுமதி பெற்றதல்ல. பிடிபட்டால் ஓட்டுநரோடு பயணியும் வழக்கில் சிக்குவார். இந்தச் சவாரிகளை விடுதி வரவேற்பறையிலேயே பேசி முடிக்கிறார்கள் என்பதால்தான், விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேட்கச் சொல்கிறேன்.

குப்பையைப் பற்றிக் கேட்பவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. கேட்க வேண்டும். மிச்சச் சாப்பாடு எங்கே போகிறது, மூடி போட்ட தொட்டி உண்டா, ஊராட்சி வண்டி எந்த நாட்களில் வருகிறது என்ற கேள்விகளுக்கு உடனே பதில் சொல்ல முடியாத விடுதியில் குப்பை பின்பக்கக் குழிக்குத்தான் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

விருந்தினர் எழுதும் விமர்சனங்களில் பாராட்டுகளைவிடக் குறைகளையே நான் கவனமாகப் படிக்கிறேன். மாலை ஆறரைக்கு மேல் முற்றத்தில் நடக்கவிடவில்லை, இரவில் விளக்கை அணைக்கச் சொன்னார்கள், இரண்டு நாள் இருந்தும் ஒரு விலங்கும் வரவில்லை என்று யாராவது குறைப்பட்டு எழுதியிருந்தால், அதையே அந்த வீட்டுக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்கிறேன். இப்போது நாங்கள் வழக்கமாகத் தங்கும் வீட்டை அப்படி ஒரு குறையைப் படித்துத்தான் கண்டுபிடித்தோம்.

அது மசினகுடி ஊருக்குள்ளேயே இருக்கும் ஓர் ஓட்டு வீடு. மாடியில் இரண்டு அறைகள், கீழே வீட்டுக்கார அம்மாவும் அவர் மகன் குடும்பமும். நீச்சல் குளம் கிடையாது. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு: ராகிக் களி, அவரைக்காய்க் குழம்பு, முந்தைய நாளே சொல்லிவைத்தால் கோழி. ஏழரைக்கு வெளி வாசல் பூட்டப்படும், எட்டரைக்கு வெளிவிளக்குகள் அணைந்துவிடும். மிச்சமான சோறும் காய்த்தோலும் கல்லால் அழுத்தி மூடிய இரும்புத் தொட்டிக்குப் போய், காலையில் மாட்டுக்கு வைக்கப்படும். வீட்டின் பின்னே ஒரு பலா மரம் நிற்கிறது. அதில் ஒரு காயையும் பழுக்க விடமாட்டார்கள். பிஞ்சிலேயே அறுத்துக் கறி வைத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டேன். "பழுத்தா அந்த வாசம் எங்கெங்கயோ போகுங்க. நாமளே கூப்பிட்டு, வந்தபிறகு அடிக்கிற மாதிரி ஆயிரும்" என்றார் அந்த அம்மா. சீகூரின் சிக்கல் முழுவதையும் அந்த ஒரு பலா மரத்தை வைத்து அவர் எனக்குச் சொல்லிவிட்டதாகவே நினைக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு நாள் இரவு இரண்டு மணி இருக்கும், புள்ளிமான் கூவியது. பிறகு மூங்கில் முறியும் ஓசை. யாரும் கதவைத் திறக்கவில்லை, விளக்கைப் போடவில்லை. சன்னலோரம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்தில் ஓசை அடங்கிவிட்டது. காலையில் வீட்டுக்குப் பின்னுள்ள மண் பாதையில் பெரிய வட்டமான காலடிகள் வரிசையாகக் கிழக்கு நோக்கிப் போயிருந்தன. பனி ஈரத்தில் பாதத்தின் வெடிப்புக் கோடுகள்கூடப் பதிந்திருந்தன. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறக்குறையக் கிடைக்கும் என்று வீட்டுக்காரரின் மகன் சொன்னார். என் மகள் தன் துப்பட்டாவைத் தடத்தைச் சுற்றி வைத்து அளந்து, அதை இரண்டாக எடுத்துச் சுவரில் பிடித்துப் பார்த்தாள். அவள் கை எட்டும் உயரத்துக்கு மேலே அது போனது. கண்ணால் பார்க்காத அந்த யானையைப் பற்றித்தான் அவள் இன்றும் பேசுகிறாள். ஆறு வயதில் கை தட்டிப் பார்த்த கொம்பனைப் பற்றி அவள் பேசியதில்லை.

யானையை அருகில் பார்த்தே ஆக வேண்டும் என்று குழந்தைகள் கேட்டால் அதற்கும் வழி இருக்கிறது. தெப்பக்காடு வளர்ப்பு யானைகள் முகாமில் காலையிலும் மாலையிலும் ராகி, கொள்ளு, வெல்லம், உப்பு சேர்த்து உருட்டிய கவளத்தைப் பாகன்களும் காவடிகள் எனப்படும் உதவிப் பாகன்களும் யானைகளின் வாயில் வைத்துக் கொடுப்பதை நின்று பார்க்கலாம். எந்த யானைக்கு எவ்வளவு, எதற்கு மருந்து என்று கால்நடை மருத்துவர் வகுத்துக்கொடுத்த அளவில் அது நடக்கிறது. என் மகளின் ஆவல் அங்கேதான் தீர்ந்தது.

தனியார் விடுதிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. வனத்துறை விடுதிகளில் அறைகள் குறைவு, விடுமுறை நாட்களில் கிடைப்பதும் அரிது. மேலும், மசினகுடி மக்களின் பிழைப்பு சுற்றுலாவைச் சார்ந்தே நிற்கிறது. மாடு வளர்த்தும் சாணம் விற்றும் வாழ்ந்த பல குடும்பங்களுக்குக் காட்டில் மேய்ச்சல் குறைந்துபோனது. இருளர், குறும்பர் குடும்பங்களிலிருந்து விடுதிகளில் சமைக்கவும் துப்புரவு செய்யவும் போகிறவர்கள் உண்டு. வழித்தட அறிவிக்கையில் தங்கள் சிறு வீடும் சேர்ந்துவிட்டதே என்ற மனக்குறை அங்கே பலரிடம் இருக்கிறது; அந்தக் குறையில் நியாயமும் இருக்கிறது. வெளியூர் முதலாளியின் பெரிய விடுதியையும், ஊர்க்காரர் தன் வீட்டு மாடியில் வாடகைக்கு விடும் இரண்டு அறைகளையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. நாம் கொடுக்கும் வாடகை யாருக்குப் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை நம்மிடம் இருக்கிறது. உரிமம் பெற்று, ஊருக்குள், விளக்கணைத்து வாழ்கிற குடும்பத்துக்கு அது போகட்டும். அப்படிப்பட்ட வீடுகள் நிரம்பவும் குழி வெட்டிய விடுதிகள் காலியாகவும் கிடந்தால், நீதிமன்ற உத்தரவுகளால் இதுவரை ஆகாதது ஒரு சில கோடைகளில் ஆகக்கூடும்.

போய்ச் சேருவது பற்றியும் ஒரு வார்த்தை. அறை பதிவு செய்துவிட்டால் மட்டும் மலைக்குள் நுழைந்துவிட முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தான் என்ற வரம்பும் வந்தது: வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. ஊட்டியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்குவதற்கு, தொடர்ந்து நடந்த விபத்துகளால், பல ஆண்டுகளாகவே கட்டுப்பாடு உண்டு. கூடலூர் சுற்றித்தான் வர வேண்டும். காட்டுச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை போக்குவரத்து கிடையாது. இவற்றை எல்லாம் முன்கூட்டியே சொல்லி, "இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள், வழியில் எங்கும் வண்டியை நிறுத்தாதீர்கள்" என்று எச்சரிக்கிறவர் நல்ல விடுதிக்காரர். எந்த நேரத்தில் வந்தாலும் சோதனைச்சாவடியில் பேசிக்கொள்ளலாம் என்கிறவரிடம் குழந்தைகளோடு போய்த் தங்க எனக்கு மனம் வராது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மே மாதத்தில் மீண்டும் சுற்றுலா இணைப்பு வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் முதுமலைப் பகுதித் தங்குமிடங்களைக் குறிப்பிடும்போது, வாடகையை அச்சிடும் அதே வரியில் பதிவு எண்ணையும் அச்சிடுங்கள். எண் தர இயலாத விடுதியின் பெயரைக் கட்டுரையிலோ விளம்பரத்திலோ சேர்க்க வேண்டாம். உரிமம் பெற்ற தங்குமிடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி வெளியிட்டால் இன்னும் நல்லது. ஒரு குடும்பத்தால் கேட்டுப் பெற முடியாததை ஒரு நாளிதழால் பெற முடியும். வாசலுக்கு யானை வரும் என்ற அந்த வரியைக் குறித்து ஒரு திருத்தக் குறிப்பை, முடிந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமையே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடுமுறைக்கான முன்பதிவுகள் இந்த வாரத்திலேயே தொடங்கிவிட்டன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.